ஓடுவதை நிறுத்தியவள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒரு விமான இன்ஜினை, நடுவானத்தில், பட்டப்பகலில், என் கையாலேயே அணைத்தவள் நான். இன்று சீருடை போட்டுக்கொண்டு மிடுக்காக நடப்பதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

இரட்டை இன்ஜின் சிறுவிமானத் தேர்வுக்கு முன் ஒரு வாரம் எங்கள் ஊர் செந்துறைக்கு வந்திருந்தேன். அதில் தேறினால்தான் வேலைக்கு மனுவே போட முடியும். (அப்பா அதற்குள் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை வரைக்கும் என்னைப் பைலட் ஆக்கிவிட்டிருந்தார்.) நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத மிதிகளை மிதித்துப் பாடத்தை ஒப்பித்தேன்: ஓடுபாதையிலேயே ஓர் இன்ஜின் நின்றால் இரண்டையும் குறைத்து நில். கிளம்பிய பிறகு நின்றால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்று. காலால் மிதித்து நேராகப் பிடி. எந்தக் கால் சும்மா இருக்கிறதோ, அந்தப் பக்க இன்ஜின்தான் செத்தது.

அப்பா குறுக்கே வந்தார். "ஏன் பாப்பா, அப்ப மிதிக்கிற காலு?"

"நல்ல இன்ஜின் பக்கம்ப்பா."

"நல்லத ஏன் மிதிக்கிற?"

எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவர் கேட்டதும் போய்விட்டது. அன்று முழுக்க எந்தக் கால் எந்தப் பக்கம் என்று சோறு தின்னும்போதுகூடக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொரு வினையும் உண்டு. எங்கள் கடலைக்காட்டில் இரண்டு மோட்டார். மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போய்விட்டால் மோட்டார் உறுமும்; அப்படியே விட்டால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள், அதாவது காயில், கருகிவிடும். கருகினால் அதைத் தூக்கிக்கொண்டு அரியலூருக்கு ஓட வேண்டும். அதனால் சத்தம் மாறினாலே அப்பா வரப்பிலிருந்து கத்துவார்: "பாப்பா, ஓடுறத நிறுத்து!" நான் பாய்ந்து போய் நிறுத்துவேன். பத்து வயதிலிருந்து இதே பிழைப்பு.

தேர்வு நாள். பரிசோதகர் கோயம்புத்தூர்க்காரர், சாந்தமான மனிதர். பத்திரமான உயரத்துக்குப் போய், "இதையே தரைன்னு வெச்சுக்கங்க, இப்பத்தான் கிளம்புறீங்க" என்றார். சரி என்று இரண்டு இன்ஜினுக்கும் முழு விசை கொடுத்தேன். அவர் சத்தமில்லாமல் வலது இன்ஜினைக் குறைத்தார். மூக்கு வலப்பக்கம் இழுத்தது. இடது காலை அழுத்தி நேராக்கினேன். வலது கால் சும்மா கிடந்தது. அதாவது செத்தது வலது. அதை வாய்விட்டும் சொன்னேன்! ஆனால் இடப்பக்கம் ஒற்றை இன்ஜின் உறுமியது. சத்தம் மாறிவிட்டது. கை பாய்ந்தது. இடது விசைப்பிடியைக் கடைசி வரை இழுத்து அணைத்துவிட்டேன்.

சனியனே, அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை. விமானம் இறங்க ஆரம்பித்தது. எது நல்லது, எது செத்தது, இடது எது, வலது எது, ஒன்றும் புரியவில்லை. பரிசோதகர் நிதானமாகக் கட்டுப்பாட்டை வாங்கிக்கொண்டு இரண்டையும் ஓடவைத்தார்.

"ஏம்மா, நல்லா ஓடிட்டிருந்ததை ஏன் நிறுத்துனீங்க?"

"எரிஞ்சிடுமே சார்!"

"எது?"

"காயில் சார்!"

அவரே விமானத்தைத் தரையிறக்கினார். காகிதத்தில் 'தேறவில்லை' என்று எழுதிக் கொடுத்தார். அவமானத்தில் காது சுட்டது. அழுதுகொண்டே அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"ஒரு இன்ஜின் போச்சுப்பா. ஓடுறத நிறுத்திட்டேன்."

"நல்ல வேல செஞ்ச!" என்றார் சட்டென்று. பிறகு மெதுவாக, "ஐயையோ... நாந்தான் கெடுத்தனா பாப்பா?"

மறுதேர்வில் தேறிவிட்டேன். விசைப்பிடியில் கை வைக்கும் முன் ஒரு மூச்சு நிதானித்து, எந்தக் கால் சும்மா இருக்கிறது என்று காலைக் கேட்டுவிட்டுத்தான் எதையும் தொட்டேன், இன்றைக்கும் அப்படித்தான். வீட்டில்தான் மன்னிப்புக் கிடைக்கவில்லை. மிக்சி ஓடும்போது நான் சமையற்கட்டுப் பக்கம் போனாலே அம்மா மறித்துக்கொள்வாள். விடுப்பு முடிந்து பஸ் ஏறும்போதெல்லாம், ஊரே திரும்பிப் பார்க்கும்படி அப்பா ஜன்னலுக்குக் கீழே நின்று கத்துகிறார்:

"பாப்பா, ஓடுறத நிறுத்திடாத!"