பயிற்சியாளரின் செல்போனைப் பறித்து வைத்தது பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் சுகம். உன் சுகத்தை விசாரிக்கப் போவதில்லை. கூடப்பிறந்தவளைத் தலைமையாசிரியர்களுக்கான தொடர் பயிற்சியில் மாட்டிவிட்டு, கல்வி அலுவலகத்தில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன குறை இருக்கப்போகிறது?

"மன்னிப்புக் கடிதம் எழுதிக் குடுத்துடுக்கா. இல்லேன்னா பயிற்சி முடிச்சதா கணக்குல சேர்க்க மாட்டாங்க, பள்ளிக்கூடத்தை விட்டுத் தூக்கி எங்க ஆபீஸ்ல ஃபைல் பார்க்க உட்கார வெச்சிடுவாங்க" என்று நேற்று போனில் புலம்பினாயே, அதற்குத்தான் இந்தப் பதில். எழுத மாட்டேன். நடந்ததைக் கேட்டு நீயே நியாயம் சொல்.

அந்தக் கூடத்தில் எல்லோருமே தலைமையாசிரியர்கள். ஒருத்தர்கூட உட்காரவில்லை, பின்சுவர் ஓரமாகக் கைகட்டி நின்றுகொண்டு அடுத்தவர் ஒழுங்காக இருக்கிறாரா என்று கண்காணித்துக்கொண்டிருந்தோம். யாரோ இருமினார், உடனே கூடமே சேர்ந்து "ஷ்ஷ்!" என்றது, அந்தச் சத்தத்தை அடக்க இன்னொருவர் மேசையைத் தட்டினார். பயிற்சியாளருக்கு என் மூத்த மகன் வயதுதான். "ரெண்டு ரெண்டு பேரா உட்காருங்க, பக்கத்துல இருக்கறவர் பேசறதைக் குறுக்கிடாம கேளுங்க" என்றார். எனக்கு ஜோடியாக வாய்த்தவரும் நானும் ஒரே நேரத்தில் பேசினோம், ஒரே நேரத்தில் "நான் முடிச்சுக்கறேன்" என்றோம், பிறகு ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது பார்த்துப் பயிற்சியாளரின் செல்போன் சினிமாப் பாட்டோடு அலறியது, அவரும் எடுத்துப் பேச ஆரம்பித்தார். வகுப்பு நேரத்தில்! என் கால் தானாக நடந்தது, கை தானாக நீண்டது. "சாயங்காலம் அப்பாவைக் கூட்டிட்டு வந்து வாங்கிக்கோ" என்று சொல்லிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கூடமே கைதட்டியது. மறுமுனையில் இருந்தது உன் மேலதிகாரி என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரிந்திருந்தாலும் பறித்திருப்பேன்.

இத்தனை வருஷமாக ஒரு பள்ளிக்கூடத்தையே கட்டி மேய்க்கிறவளுக்குக் கேட்கக் கற்றுத்தருகிறார்களாம், கேட்க! காலையில் அந்த வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்பாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது, அது உனக்கும் தெரியும். இருந்தாலும் மன்னிப்பு கிடையாது. என்ன செய்வார்களோ செய்துகொள்ளட்டும்.

உன் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். உனக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து.

தலை குனியாத,
உன் அக்கா

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது துணைத் தலைமையாசிரியர் கையெழுத்துக்காக வந்தார். அந்தப் பயிற்சி எவ்வளவு வெட்டி வேலை என்று நிரூபிப்பதற்காகவே அவரை உட்காரவைத்து, "எங்கிட்ட சொல்லணும்னு நினைச்சு சொல்லாம விட்டது ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மேடம், உங்க ரூமுக்குள்ள வர்றதுக்கு முன்னாடி நாங்க எல்லாரும் வெளியில நின்னு ஒரு தடவை ஒத்திகை பார்த்துட்டுத்தான் வருவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல நாக்கு துடித்தது, கடித்துக்கொண்டேன். மணி அடித்தும் மனுஷன் நிறுத்தவில்லை. மன்னிப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது, கொடுத்துவிடு. அடுத்த பயிற்சிக்கும் என் பெயரைச் சேர். அவர் பாதிதான் சொல்லியிருக்கிறார், மீதியைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.