ஸ்டீரிங்குக்கு அடித்த கிரீஸ்

எனக்குக் கார் ரிப்பேர் பார்க்கத் தெரியாது. இந்த ஒரு வரியை வாய்விட்டுச் சொல்வதற்குள் எனக்கு நாற்பத்து மூன்று வயதாகிவிட்டது, அப்பாவும் போய்விட்டார்.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு, ஒரு பழைய டிராக்டர். வீட்டில் எது மக்கர் செய்தாலும் அப்பா கிரீஸ் கன்னோடுதான் வருவார். டிராக்டர், பம்புசெட், கேட்டுக் கீல், அம்மாவின் தையல் மிஷின், எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து. (ஒருமுறை மாதா கோயில் மணிக்கும் அடித்தார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வந்த இரண்டு பேர் தலையில் சொட்டியது.) அந்த ரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது.

நான் செகண்ட் ஹேண்டில் ஒரு கார் வாங்கினேன். ஓர் ஆண்டில் ஸ்டீரிங்கைத் திருப்பினால் கறகறவென்று சத்தம். கள்ளக்குறிச்சி மெக்கானிக் வண்டியைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஸ்டீரிங் ரேக்குங்க. மேல மூடியிருக்கிற ரப்பர் கவரு கிழிஞ்சிருக்கு. இப்பவே கவர மாத்திட்டா போதும். வுட்டா தண்ணி பூந்து துரு புடிச்சிடும். அப்பறம் ரேக்கையே மாத்தணும்."

"கிரீஸ் அடிச்சா சரியாயிடாதா?" என்றேன்.

"ஐயையோ, இது எலக்ட்ரிக்குங்க. உள்ள மோட்டாரு, சென்சாரெல்லாம் இருக்குது. டிராக்டர் கிரீஸ கிட்டக்க கூட எடுத்துக்கினு போயிடாதீங்க."

முன்சக்கரங்களைத் திருப்புகிற பல் வைத்த கம்பி அது. கைக்கு வலிக்காமல் இருக்க ஒரு மோட்டார் துணைக்குத் தள்ளுகிறது என்று பொறுமையாக விளக்கினார். நானும் பொறுமையாகத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்ததும் நேராக ஷெட்டுக்குப் போய் அப்பாவின் கிரீஸ் கன்னைத் தேடினேன்.

அப்பா அப்போது படுக்கையில் விழுந்திருந்தார். அவரிடம் சொல்லாமல் எடுத்துக்கொண்டு, காருக்கு அடியில் மல்லாந்து படுத்து, ரப்பர் கவரின் கிளிப்பை நெம்பி, உள்ளே அடி அடியென்று அடித்தேன். கவர் பூரி மாதிரி உப்பியது. கிளிப்பைத் திரும்ப மாட்ட முடியவில்லை. ஒரு சணல் கயிற்றால் கட்டினேன். சத்தம் நின்றுவிட்டது! அந்த மெக்கானிக்கை எண்ணி இரண்டு நாள் சிரித்தேன்.

பிறகு மழை. கரும்பு லாரிகள் உழுதுபோட்ட சேற்றில் மாதக்கணக்கில் ஓட்டினேன். திடீரென்று டேஷ்போர்டில் மஞ்சளாக ஸ்டீரிங் படம் எரியும். வண்டியை அணைத்துச் சாவியைத் திரும்பப் போட்டால் போய்விடும். அதுவும் என் சாமர்த்தியம் என்றே நினைத்தேன்.

ஒருநாள் காலை அப்பாவுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே கைவிரித்துவிட்டார்கள். கண்ணைத் திறக்கும்போதெல்லாம் "செலின் வந்துட்டாளா?" என்று கேட்டார். செலின் என் அக்கா. கல்வராயன் மலைமேல் கரியாலூரில் டீச்சர். போன் செய்தால் பையோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள்.

"பஸ்ல ஏறாத. அது ஊரெல்லாம் நின்னு வரும். நான் கார் எடுத்துக்கினு வரேன்" என்றேன்.

"பஸ்ஸே வந்துடும்டா."

"சொன்னா கேளு அக்கா!"

கேட்டாள். மலை ஏறும்போது எதிரே அந்த பஸ் இறங்கி வந்தது. நான் பெருந்தன்மையாக ஓரம் கட்டி வழிவிட்டேன். டிரைவர் கையைக் காட்டிவிட்டுப் போனார்.

அக்காவை ஏற்றிக்கொண்டு திரும்பினேன். இறக்கத்தின் இரண்டாவது வளைவில் மஞ்சள் விளக்கு எரிந்தது, ஸ்டீரிங் கல்லாகிவிட்டது. சாவியைப் போட்டேன், எடுத்தேன், போட்டேன். என் சாமர்த்தியம் எதுவும் பலிக்கவில்லை. அக்கா பக்கத்து சீட்டிலிருந்து எட்டி இழுக்க, நான் தள்ள, இரண்டு பேர் சேர்ந்து ஒரு ஸ்டீரிங்கைத் திருப்பினோம். ஒவ்வொரு வளைவிலும் முன்னே போய், பின்னே வந்து, முன்னே போய்.

"வண்டிய வுட்டுட்டு யாரு பைக்குலயாவது தொத்திக்கினு போலாம்டா."

"இன்னும் ஒரே வளைவு அக்கா." (அதை நான் ஆறேழு முறை சொன்னேன்.)

நடுவில் சிக்னல் கிடைத்தபோது, வீட்டில் அப்பா பக்கத்தில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, "ஸ்டீரிங் திரும்ப மாட்டேங்குது, லேட்டாவும்" என்றேன்.

வீட்டு வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. அப்பா போய் இருபது நிமிஷமாகியிருந்தது. அந்த பஸ் ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பே ஊருக்குள் வந்துவிட்டதாம்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து என் மனைவியைப் பார்த்தாள். "கடைசியா இன்னா சொன்னாரு?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "ஏன் லேட்டுன்னு கேட்டாரு அண்ணி. ஸ்டீரிங்கு திரும்பலையாம் மாமான்னேன். 'கிரீஸ் அடிச்சானா கேளு'ன்னாரு. அடிச்சாரு மாமான்னேன். சரின்னு தலையாட்டினாரு. அவ்ளோதான்."

அக்கா சிரித்துவிட்டாள். சாவு வீட்டில், அத்தனை பேர் முன்னால், வாய்விட்டுச் சிரித்தாள். அப்புறம் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பார்த்தேன். ஸ்டீரிங்கை இழுத்து இழுத்து உள்ளங்கை கன்றிப் போயிருந்தது.

அடக்கம் முடிந்த வாரம் ரேக்கையே மாற்றினோம். பழையதைக் கழற்றிய மெக்கானிக் கவரைப் பிதுக்கினார். கிரீஸும் துருத்தண்ணியும் கலந்து கேழ்வரகுக் கூழாக வழிந்தது.

"யாருங்க இதுல கிரீஸ் அடிச்சது?"

"எங்கப்பா" என்றேன். மண்ணுக்குள் போன மனுஷன் மேல் பழியைப் போட்டுவிட்டேன். அதைப்போல் கேவலமான பொய்யை நான் அதற்கு முன்னும் சொன்னதில்லை, பின்னும் சொன்னதில்லை.

புது ரேக்கைப் பூட்டி, கம்ப்யூட்டரை மாட்டி ஸ்டீரிங்கை நேராக்கி, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தார். இப்போது ஒற்றை விரலில் திரும்புகிறது. திருப்பும்போதெல்லாம் எனக்குத்தான் வலிக்கிறது.

எங்கள் வீட்டில் இன்றும் கதவு திறக்காவிட்டால், மிக்சி ஓடாவிட்டால், கல்யாணப் பேச்சு இழுத்தடித்தால் யாராவது ஒருவர், "கிரீஸ் அடிச்சானா கேளு" என்பார்கள். வீடே சிரிக்கும். அக்காதான் முதலில் சிரிப்பாள்.

போன கல்லறைத் திருநாளுக்கு அவளைக் காரில் அழைத்து வந்தேன். அதே வளைவில் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தோம். அவள் அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"அன்னிக்கு நான் பஸ்ல வந்திருந்தா, அப்பா வாயில கடைசியா வந்தது கிரீஸா இருந்திருக்காதுடா" என்றாள்.