மாப்பிள்ளை வாங்கிய நைலான் கயிறு

புது மாப்பிள்ளை சொல்வது தப்பு என்று மாமனார் வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். இந்த வசதியை நான் கல்யாணமான பன்னிரண்டாம் நாளே பாழாக்கினேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஐப்பசி. ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரை வாழைத்தோட்டத்தில் என் மாமனாரின், தண்ணீர் இறைக்கும் ஆயில் எஞ்சின் இருந்தது. மலையில் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இருட்டுவதற்குள் எஞ்சினைக் கல்லும் முண்டுமான சரிவில் இழுத்து மேட்டுக்குக் கொண்டுவர வேண்டும். முங்கினால் அடுத்த கோடையில் வாழை காய்ந்துபோகும்.

மெக்கானிக் சுடலை கையால் சுற்றி இழுக்கும் ஒரு வின்ச்சும் பழைய கம்பிவடமும் இரவல் வாங்கி வந்திருந்தார். நான் இயற்பியல் வாத்தியார் (சும்மா இருக்க முடியுமா?). கம்பிவடம் துருப்பிடித்திருக்கிறது, அறுந்துவிடும் என்று சொல்லி, திருநெல்வேலி ஜங்ஷனில் வாங்கிய புத்தம்புது நீல நைலான் கயிற்றை நீட்டினேன். யானையையே கட்டி இழுக்கலாம் என்றும் சொன்னதாக ஞாபகம். சுடலை என் மாமனாரைப் பார்த்தார். மாமா வானத்தைப் பார்த்தார். மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்.

வின்ச்சைச் சுற்றச் சுற்றக் கயிறுதான் நீண்டது. கல்லில் முட்டிய எஞ்சின் அசையவில்லை. மீள்தன்மைப் பாடத்தைப் பதினொன்றாம் வகுப்புக்கு வருஷாவருஷம் நடத்துகிறவன் நான். சுண்டுவிரல் கனத்துக்கு மெலிந்துவிட்ட கயிற்றைத் தட்டிக்காட்டி, பாருங்கள், அறுந்துபோகவே இல்லை என்று பெருமைப்பட்டேன்.

"கயித்துக்கு நேரா நிக்காதிய, பைய இங்கன வாங்க" என்றார் சுடலை.

நான் நகர்வதற்குள் எஞ்சின் கல்லைத் தாண்டித் துள்ளியது. விறைத்திருந்த கயிறு தொய்ந்து, வின்ச் உருளையிலிருந்து வழுக்கிக் கழன்றது. எஞ்சின் ஆற்றைப் பார்த்துத் திரும்பிச் சறுக்கியது. நான் (மாமனார் வீட்டுச் சொத்தாயிற்றே) ஓடுகிற கயிற்றின் நுனியைப் பாய்ந்து பிடித்தேன். அரை டன் எஞ்சினோடு நானும் சேற்றில் போனேன். கல்யாணத்துக்கு எடுத்த வேட்டி ஒரு வாழையடியில் தங்கிவிட்டது.

"கயித்த விடுலே! எஞ்சின் போனாப் போவுது, விடுலே!"

கத்தியது மாமா. விட்டேன். எஞ்சின் வாழைக்கூட்டத்தில் மோதி நின்றது. பிறகு சுடலை கம்பிவடத்தைக் கட்டி, அதன்மேல் நனைந்த சாக்கைப் போட்டு (அறுந்தாலும் வீசி அடிக்காதாம்), எல்லோரையும் விலகி நிற்கச் சொல்லி, பொழுது சாய்வதற்குள் மேட்டில் ஏற்றிவிட்டார். உள்ளங்கை தோலுரிந்த நான் துண்டைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்தேன்.

மாப்பிள்ளையைப் போய், பெற்ற பிள்ளையை அதட்டுவதுபோல் 'லே' என்றுவிட்டோமே என்று மாமா அன்று சாப்பிடவே இல்லை. அத்தை வந்து வருத்தம் சொன்னார். எனக்கோ அந்த ஒரு சொல்லில்தான் அந்த வீடு என் வீடாயிற்று. அதை முறையாகச் சொல்லத் தெரியாமல், இனிமேலும் அப்படியே கூப்பிடுங்கள் மாமா என்று உளறிவைத்தேன். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். அவர் போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை.

எனக்கு முன்பே அந்த வீட்டு மாப்பிள்ளையான மூத்த சகலை, விசேஷங்களில் கூடும்போதெல்லாம் இன்றும் குறைப்பட்டுக்கொள்வார், தன்னை மாமா ஒருநாள்கூட 'வாங்க மாப்ள' தவிர வேறு மாதிரி அழைத்ததில்லை என்று.

என் மனைவி விடமாட்டாள். "அதுக்கு நீங்க எந்த எஞ்சின ஆத்துல தள்ளுனிய, அத்தான்?"