தனிக்குடித்தனப் பெட்டியும் மூணாம் நம்பர் தறியும்

தெரிந்த விஷயமென்றால் நான் வாயே திறக்க மாட்டேன். தெரியாத விஷயத்துக்குத்தான் தீர்ப்புச் சொல்வேன். (தெரிந்தது ரொம்பக் கம்மி என்பதால் வாய்க்கு ஓய்வே கிடையாது.)

எடப்பாடியில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி எட்டு விசைத்தறி ஓடுகிறது. நாலைந்து வருடம் முந்தி, படிப்பை முடித்த என் பேத்தி கவிதாவுக்கு, வீட்டிலிருந்தே புத்தகம் வாசித்துப் பதிவு செய்து அனுப்பும் வேலை ஒன்று கூடி வந்தது. அது கிடைத்தால் இரண்டு வருடத்துக்கு மாப்பிள்ளைப் பேச்சே எடுப்பதில்லை என்று அவள் அப்பன் வாக்குக் கொடுத்திருந்தான். ஆனால் அவள் அனுப்பிய மாதிரிப் பதிவை, “ஒரே இரைச்சல்” என்று கம்பெனி திருப்பிவிட்டது.

“கம்ப்யூட்டர்ல இருக்கற சவுண்டு கார்டு மட்டம் அப்பத்தா,” என்றாள்.

சேலத்துக் கடைக்கு நானும் போனேன். (யாரும் கூப்பிடவில்லை.) கடைக்கார அம்மா இரண்டு சாமானை எடுத்து வைத்தாள். ஒன்று, கம்ப்யூட்டர் வயிற்றுக்குள் சொருகும் பச்சை அட்டை. அதுதான் சவுண்டு கார்டு. இன்னொன்று, திருகு வைத்த சின்னப் பெட்டி, வெளியே உட்கார்ந்து ஒயர் வழியாகப் பேசுமாம். அதன் பேர் ஆடியோ இன்டர்ஃபேஸ்.

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“உள்ள இருந்தா ஃபேன், கரண்ட்டு சத்தமெல்லாம் கலந்துரும் பாட்டி. வெளிய இருந்தா அந்தத் தொந்தரவு இல்ல.”

“அட! அட்டை கூட்டுக்குடும்பத்து மருமக. பெட்டி தனிக்குடித்தனம் போனவ!”

கடையே சிரித்தது. அந்த மப்பில், “குடும்பத்தோட இருக்கறதையே குடுங்க,” என்று சொல்லிவிட்டேன். பெட்டியைப் பார்த்துக்கொண்டே வந்தாள் கவிதா.

அட்டையில் எடுத்த பதிவும் திரும்பி வந்தது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் சுத்தமாக அனுப்பாவிட்டால் வேறு ஆளைப் பார்ப்பார்களாம். ஓடிப்போய் அட்டையைக் கொடுத்துப் பெட்டியை வாங்கி வந்தோம். பதிவு செய்து கேட்டோம். எங்கள் காதுக்கு ஒரு குறையும் இல்லை. எதற்கும் இருக்கட்டுமென்று பழைய பதிவையும் இதையும் பெங்களூர்த் தோழிக்கு அனுப்பினாள் கவிதா.

“முன்னவிட இரைச்சல் நல்லாக் கேக்குதுடி!” என்று பதில் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கவிதாவோடு கடையில் நின்றேன்.

“ஏனுங்க, தனிக்குடித்தனம் வெச்சும் சண்டை ஓயலீங்களே! ஓட்டைப் பெட்டியத் தலையில கட்டிப் போட்டீங்களே!”

அந்த அம்மா பதிவை வாங்கிக் கடை ஸ்பீக்கரில் போட்டாள். கவிதாவின் குரல். அதன் பின்னால் கடகட, கடகட.

“ஏ கவிதா! நம்ம மூணாம் நம்பர் தறி சாமி! நூலெடுத்துட்டு ஓடுற நாடா தட்டுது பாரு! உங்க தாத்தா நல்லாத்தான் ஓடுதுன்னு சாதிச்சாரே!”

அந்த அம்மா ஸ்பீக்கரை அணைத்தாள்.

“பாட்டி, தறி ஓடுறப்பவா பதிவு பண்ணீங்க?”

“அது ஓடாம எப்பங்க இருக்குது?”

ஐம்பது வருடமாக அந்தச் சத்தம்தான் எங்களுக்கு அமைதி. கரண்ட் போனால்தான் திடுக்கிட்டு விழிப்போம். பதிவைப் போட்டுக் கேட்டபோதும் பக்கத்தில் தறி ஓடிக்கொண்டுதானே இருந்தது?

“பெட்டி நல்ல பெட்டிங்க. அதான் நாடா தட்டுறது வரைக்கும் பிடிச்சிருக்கு,” என்றாள் அந்த அம்மா.

உடனே வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். “ஏனுங்க, எட்டுத் தறியையும் நிறுத்திப் போடுங்க.”

“ஆரு செத்துட்டாங்க?”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் தெருவில் கரண்ட் இருக்கும்போது தறி நின்றால் அது சாவுக்குத்தான்.

“ஊட்டுக்கு வந்து சொல்றேன், மொதல்ல நிறுத்துங்க,” என்று போனை வைத்துவிட்டேன். (என் ஆயுளிலேயே பெரிய தப்பு.)

மூன்று மணிக்கு வந்து இறங்கினால் வீட்டு வாசலில் கூட்டம். தறி நின்றிருக்கிறது, வீட்டுக்காரர் பேந்தப் பேந்த விழிக்கிறார், வீட்டில் இல்லாத கிழவி நான் ஒருத்திதான். தெரு கணக்குப் போட்டுவிட்டது. பக்கத்து வீட்டுச் சரோசா மாரில் அடித்துக்கொண்டு, “எங்கக்கா போயிருச்சே!” என்று அழுதுகொண்டிருந்தாள்.

கூட்டத்தில் நுழைந்து அவள் தோளைத் தொட்டேன். “எந்தக்கா சரோசா?”

திரும்பிப் பார்த்தவளுக்கு அழுகை பாதியில் அறுந்தது.

கவிதா எல்லாரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தி வாசித்தாள். நாலரைக்கு அனுப்பினாள். வேலை கிடைத்தது. மூணாம் நம்பர் தறியையும் சரி பார்த்தாயிற்று. (வீட்டுக்காரர் தானாகவே கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்கிறார்.)

இன்றைக்கும் கவிதா வாசிப்பதற்காகக் காலை பத்து மணியிலிருந்து இரண்டு மணி நேரம் தறி நிற்கும். தெருவில் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. சரோசா மட்டும் தன் வாசலில் இருந்தபடியே சத்தம் கொடுப்பாள்:

“அக்கா, நீ நெசமாப் போறப்ப என்னைய எதிர்பாக்காத. நான் அழுது முடிச்சாச்சு!”