ஆல்பர்ட் அடித்த ஒரே கோல்

நூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு வெள்ளைக்காரருக்காகக் கால்பந்து ஆடுகிறவர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்க முடியும். அவர் மத்திகிரியில் எனக்குப் பக்கத்து அறையில் குடியிருந்தார் என்பது என் ஜாதக விசேஷம்.

பெயர் ஏதோ இருந்தது. எங்கள் கம்பெனி டீமில் இடதுபக்க நடுக்களத்தில் ஆடுவார். அந்த இடத்துக்குப் பழைய காலத்தில் ‘லெஃப்ட் ஹாஃப்’ என்று பெயர் என அவரே எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னதால், செக்யூரிட்டி முதல் ஜெனரல் மேனேஜர் வரை அப்படியே கூப்பிட்டார்கள். பத்து வருஷமாக ஆடியும் ஒரு கோல்கூட அடித்ததில்லை. அடிக்கும் உத்தேசம் இருந்ததாகவும் தெரியவில்லை.

ஒருநாள் போனில் ‘லெஃப்ட் ஹாஃப்’ என்று தேடியிருக்கிறார். ஆல்பர்ட் என்று ஓர் ஆங்கிலேய ஆட்டக்காரரின் பக்கம் வந்து நின்றது. சம்பளத்துக்கு ஆடியவர். இரண்டு கிளப்புகள், கொஞ்சம் ஆட்டங்கள், கோல் பூஜ்யம். எப்போது இறந்தார் என்பதுகூடத் தெரியாதாம்.

“அவ்ளோதாங்களா ஒரு மனுசன்?” என்று என் அறை வாசலில் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு ஷிஃப்ட்டுக்கு நேரமாகியிருந்தது.

மீதிக் கதையை அவரே தயாரித்தார். கம்பெனி பஸ்ஸில் தினம் ஓர் அத்தியாயம். ஆல்பர்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தார். கிளப்காரர்கள் சுரங்கத்துக்குள்ளேயே இறங்கி வந்து கையெழுத்து வாங்கினார்கள். மழையில் தோல்பந்து ஊறிப் பூசணிக்காய் மாதிரி கனக்கும். அதைத் தலையால் முட்டியதில் ஆல்பர்ட்டுக்குச் சாயங்காலம் வரை பெண்டாட்டி பெயர் மறந்துபோனது. முட்டி பிசகியதும், சந்தையில் மாட்டைக் கைமாற்றுவதுபோல் கிளப் அவரை விற்றுவிட்டது. அந்த இடத்தில் டிரைவர், “அந்த கிளப்பு நாசமாப் போவ” என்றார்.

கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் முதல் தடவையாக ஃபைனலுக்குப் போனோம். ஆட்டம் சமநிலை. முடியப்போகும் நேரம், எதிரணி கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறார். பந்து லெஃப்ட் ஹாஃப் காலடியில். எதிரே காலி கோல். ஒரு கன்றுக்குட்டிகூட உள்ளே தள்ளியிருக்கும். அவர் நின்றார். யோசித்தார். பின்னால் வந்த எனக்குப் பந்தைத் தள்ளினார். நான் சற்றும் எதிர்பார்க்காததால் அது என் காலில் பட்டு வெளியே போனது. டைபிரேக்கரில் தோற்றோம்.

எங்கள் கோல்கீப்பர் மஞ்சுநாத், ஆனேக்கல்காரன், கையுறையைக் கழற்றி வீசினான். “என்னாணா இது? கோல் காலியா இருந்திச்சி. ஏன் அடிக்கல?”

“ஆல்பர்ட்டே ஒண்ணுகூட அடிக்கல. நான் எப்படிடா அடிக்கறது?”

மஞ்சுநாத் கன்னடத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. போதாமல் தெலுங்கிலும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டான். ஒரு மாசம் அவரோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அவரைப் போச்சம்பள்ளி யூனிட்டுக்கு மாற்றினார்கள். “வித்துட்டாங்க” என்றுதான் அவர் சொன்னார். பஸ்ஸில் எல்லோரும் நிம்மதியாகப் போனைப் பார்த்துக்கொண்டு போனோம். நிம்மதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. டிரைவர்தான் முதலில் கேட்டார்: “அந்த ஆல்பர்ட்டு கடைசில என்னா ஆனாரு?” யாருக்கும் தெரியவில்லை.

அந்த வருஷம் எங்களுக்கும் போச்சம்பள்ளிக்கும் ஆட்டம். அவருக்கு அதுதான் கடைசி. முட்டி தேய்ந்துவிட்டது, இனி ஆடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். நாங்கள் மூன்று கோல் முன்னிலை. ஆட்டம் முடியும் சமயம் பந்து அவரிடம் வந்தது. நொண்டியபடி முன்னேறினார். எங்கள் டிஃபென்ஸ் ஆட்கள் அத்தனை பேருக்கும் அந்த நேரம் பார்த்துக் காலில் சுளுக்கு. மஞ்சுநாத் குனிந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான்.

லெஃப்ட் ஹாஃப் பந்தின்மேல் காலை வைத்து நின்றுவிட்டார். “டேய் மஞ்சு, எந்திரிடா! எனக்கு நீ ஒண்ணும் பிச்சை போட வேணாம்.”

மஞ்சுநாத் நிமிர்ந்தான். “உனக்கு யாருணா குடுத்தா? ஆல்பர்ட்டுக்குக் குடுக்கறேன். அடி!”

அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. அடித்தார். பந்து உருண்டு வந்த வேகத்துக்கு எறும்பு முந்தியிருக்கும். ஆனாலும் மஞ்சுநாத், முழு நீளத்துக்கு, எதிர்ப்பக்கம் பாய்ந்தான்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஓடிப்போய்த் தூக்கியது நாங்கள்தான். நாங்கள் எதிரணி என்பதை ரெஃப்ரி நினைவுபடுத்த வேண்டியிருந்தது.

ஆல்பர்ட் ஒரு கோலாவது அடித்தாரா என்று இப்போது யாராவது கேட்டால், அடித்தார் என்றுதான் சொல்வோம். நாங்கள் கண்ணால் பார்த்தோம்.