ஞாயிற்றுக்கிழமை மட்டும் நின்றுபோகும் வண்டி

இனி ஞாயிற்றுக்கிழமை மதியத் தூக்கத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று நம்மவர் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தார். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லும் தைரியம் இருந்தால் அவர் ஏன் ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போகிறார்?

வாரம் தவறாமல் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போயாக வேண்டும். அண்ணன் தங்கமான மனிதர். ஆனால் தொழில், பம்பு மாட்டுவது. மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிய கதையைத் தரையிலிருந்து ஆரம்பிப்பார். தண்ணீர் மேலே போய்ச் சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நம்மவருக்குக் கண் சொக்கினால், "மாப்பிள்ளை, கேக்கறீங்களா?" என்று தொடையில் தட்டுவார்.

நம்மவரின் மோட்டார் சைக்கிள் பழசு. அதன் கார்புரேட்டரில் ஐடில் ஸ்க்ரூ என்று ஒன்று உண்டு. ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் என்ஜின் அணையாமல் ஓடுவது அதன் தயவில்தான். அதை லேசாக வெளியே திருகினால் போதும், கையைத் தளர்த்திய இடத்தில் வண்டி மூச்சை விட்டுவிடும். திருகினார்.

மறுநாள் மனைவியோடு கிளம்பினார். தெருமுனையில் நின்றது. சிக்னலில் நின்றது. பின்னால் இருந்த லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையையே எடுக்கவில்லை.

"என்னங்க ஆச்சு?"

"கார்புரேட்டர்ல அடைப்பு. உங்க அண்ணன் வீடு வரைக்கும் தாங்காது. திரும்பிடலாமா?"

திரும்பினார்கள். நம்மவர் சுகமாகத் தூங்கினார். இப்படியே பல வாரம் போனது. சனிக்கிழமை ஒரு திருகு, ஞாயிறு ராத்திரி ஒரு மறுதிருகு.

"ஏங்க, ஆபீசுக்கு மட்டும் வண்டி நல்லாப் போகுதே?"

"தனியாப் போறேன்ல. லோடு கம்மி."

"அப்ப நான் லோடா?"

நம்மவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். சண்டை போட்டிருந்தாலாவது நிம்மதியாக இருந்திருக்கும்.

அடுத்த ஞாயிறு, நம்மவர் தலையணையைத் தட்டிச் சரிசெய்யும்போது வாசலில் அண்ணன் நின்றார். கையில் டூல்ஸ் பை.

"வண்டி பாடாய்ப் படுத்துதாமே? தங்கச்சி சொன்னா. ஒரு கை பாத்துடுவோம் மாப்பிள்ளை!"

"உங்களுக்கு எதுக்கு மச்சான் சிரமம்? மெக்கானிக்கிட்ட..."

"பம்பு என்ன, வண்டி என்ன? ரெண்டும் உறிஞ்சறதுதானே!"

பழைய பேப்பரை விரித்தார். டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரைக் கழற்றினார். பெட்ரோல் பீய்ச்சும் ஊசித்துளை ஜெட்டை வெளிச்சத்தில் பிடித்து ஊதினார். தூசு கூட இல்லை. வாய் மட்டும் ஓயவில்லை. கார்புரேட்டர் கிண்ணத்தில் பெட்ரோல் எப்படி நிற்கிறது, தொட்டியில் தண்ணீர் எப்படி நிற்கிறது என்று விளக்கம் போய்க்கொண்டே இருந்தது. நம்மவர் கொட்டாவியை விழுங்கினார். மனைவி காய் நறுக்கிக்கொண்டே 'உம்' கொட்டினாள்.

எல்லாவற்றையும் மாட்டி, டேப்பைத் திறந்துவிட்டு, அண்ணன் கை கழுவப் போனார். இதுதான் சமயம் என்று நம்மவர் ஸ்க்ரூவைப் பழையபடி உள்ளே திருகி, வண்டியை உதைத்தார். அருமையாக ஓடியது.

"மச்சான்! சரியாயிடுச்சு, நீங்க கிளம்பலாம்!"

மனைவி டீயோடு வந்தாள். டேங்க் மேல் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, "பரவாயில்லையே, சத்தம் நல்லா இருக்கே" என்றாள். அண்ணன் டீயைக் குடித்து முடித்தார். வண்டி விக்கியது. அணைந்தது. அப்புறம் உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம்.

அண்ணன் பிளக்கைப் பார்த்தார், ஒயரைப் பார்த்தார், பில்டரைப் பார்த்தார். டேப்பைப் பார்க்கவில்லை. அவர் கையாலேயே திறந்ததாயிற்றே.

"இதைச் சரி பண்ணாம நான் கிளம்பறதா இல்ல மாப்பிள்ளை!" என்று சொல்லி, சாப்பிட்டு, நம்மவர் கட்டிலில், நம்மவர் தலையணையில் படுத்துக் குறட்டை விட்டார். நம்மவருக்கு அழுகையே வந்துவிட்டது. சமையலறைக்கு ஓடினார்.

"உங்க அண்ணனை எப்படியாவது அனுப்பேன்!"

"வண்டி சரியானா போயிடுவாரு."

"ஸ்க்ரூவைத்தான் நான் பழையபடி வெச்சுட்டேனே! அப்புறமும் ஏன்..."

"எந்த ஸ்க்ரூ?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது நம்மவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இனிமே வாராவாரம் உங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்" என்றார் நம்மவர். "சத்தியமா."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். குனிந்து பெட்ரோல் டேப்பைத் திறந்தாள். சற்றுப் பொறுத்து, "இப்ப உதைங்க" என்றாள். வண்டி ஓடியது.

"நீயா மூடினே? எப்படித் தெரியும்?"

"கிண்ணத்துல இருக்கறது தீர்ற வரைக்கும் ஓடும், அப்புறம் நின்னுடும்னு அண்ணன் சொன்னாரே. நான் கதையை முழுசாக் கேப்பேன். அப்புறம், மாடியில துணி காயப்போட்டா கீழ யாரு என்ன திருகறாங்கன்னு நல்லாத் தெரியுங்க."

சத்தம் கேட்டு எழுந்து வந்த அண்ணன், "என் கை பட்டா சும்மாவா!" என்று மார்தட்டிக்கொண்டு கிளம்பினார்.

சனிக்கிழமை சாயங்காலம் நம்மவருக்குச் சத்தியம் கொஞ்சம் மறந்தது. அலமாரியைத் துழாவினார்.

"ஸ்க்ரூடிரைவர் எங்கம்மா?"

"அண்ணன் பையில போட்டு அனுப்பிட்டேன். நாளைக்குப் போய் வாங்கிக்கலாம்."