கோழி விடுதலை ஒத்திகை

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. ஆனால் கோழியைப் "பாதுகாப்பாகச் சுதந்திரப்படுத்தும்" முறையைக் கண்டுபிடிக்க, ஹெல்மெட் ஓய்வு பெறும்வரை அது காத்திருக்க வேண்டியதாயிற்று.

ஹெல்மெட் என்பது தொழிற்சாலை வைத்த பெயர். அங்கே அவர் பாதுகாப்பு அதிகாரி. அவர் காலத்தில் ஒரு விபத்துகூட நடந்ததில்லை. வேலையும் அவ்வளவாக நடந்ததில்லை என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள்.

ஓய்வுக்குப் பின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. பண்ணையிலிருந்து நாலு சிவப்புக் கோழிகளை வாங்கி வந்து, தோட்டத்து மூலையில் கூடு அடித்து அடைத்தார். பிறந்ததிலிருந்து கூண்டைத் தவிர வேறெதையும் பார்க்காத ஜீவன்கள். அவற்றைத் தோட்டத்தில் இஷ்டம்போல் திரியவிடுவது என்று தீர்மானித்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

விற்றவர் வழி சொல்லித்தான் அனுப்பியிருந்தார். "கொஞ்ச நாள் உள்ளயே வைச்சிருங்க சார், இடம் பழகட்டும். அப்புறம் ஒரு சாயங்காலமா திறந்து விடுங்க. இருட்டுறதுக்குள்ள தானா வந்து ஏறிக்கும்."

"தானா" என்றதும் ஹெல்மெட்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தானாக நடக்கும் எதையும் அவர் அனுமதித்ததே இல்லை.

உடனே சாப்பாட்டு மேஜையில் "கோழி நடமாட்டப் பாதுகாப்புக் குழு" கூடியது. தலைவர், செயலாளர், ஆலோசகர் மூவரும் அவரே. உறுப்பினர், அவர் மனைவி. டீ போடும் கூடுதல் பொறுப்பும் உறுப்பினருக்கே வழங்கப்பட்டது.

"ஆபத்து எங்கேருந்து வரும்? சொல்லு."

"நாய், பூனை..."

"மேலேருந்து?"

"பருந்து."

"அதுக்கும் மேலே?"

மனைவி கூரையை அண்ணாந்து பார்த்தாள். "கடவுளா?"

"ஆலங்கட்டி மழை!" என்றார் ஹெல்மெட், வெற்றியோடு.

தோட்டத்துக்கு மேலே வலை வந்தது. சுவர் ஓட்டைகளுக்குச் சிமெண்ட் வந்தது. அவருடைய பழைய தொழிற்சாலைப் பளபளப்பு ஜாக்கெட்டை வெட்டி, கோழிக்கு ஒன்றாக மேலங்கி தைக்கப்பட்டது. அதை மாட்டிக்கொண்ட கோழிகள், சம்பள உயர்வு கேட்க வந்தவர்கள் மாதிரி கூட்டுக்குள் முறைத்துக்கொண்டு நின்றன.

ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் "இதர விஷயங்கள் ஏதாவது உண்டா?" என்று கேட்பார். ஜனநாயகவாதி.

"அக்கா கூப்பிட்டுக்கிட்டே இருக்கா. கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரட்டுமா?"

"பஸ்ல கூட்டம். ரோடு வேற சரியில்ல. அடுத்த கூட்டத்துல பார்ப்போம்."

அடுத்த கூட்டத்திலும் பஸ்ஸில் கூட்டமாகவே இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த பஸ்ஸில் கூட்டம் குறைந்ததே இல்லை.

எல்லா ஏற்பாடும் முடிந்தும் கூடு திறக்கவில்லை. ஒத்திகை பார்க்காமல் எப்படி?

"நீதான் கோழி," என்றார் ஹெல்மெட்.

"நானா?"

"அசல் கோழிக்கு ஏதாவது ஆயிட்டா? கூட்டுக்கிட்டேருந்து கிளம்பு. கோழிக்கு எங்கெல்லாம் போகத் தோணுமோ அங்கெல்லாம் போ. விசில் ஊதுனதும் திரும்பி வந்துடணும்."

மனைவி டீ டம்ளரைக் கீழே வைத்தாள். "எங்கெல்லாம் தோணுமோ அங்கெல்லாமா?"

"இயல்பா இருக்கணும். அப்பதான் குறை தெரியும்."

அவள் உள்ளே போனாள். நல்ல உடுப்பாக மாற்றிக்கொண்டு, தோளில் பையோடு வந்தாள்.

"கோழிக்கு எதுக்குப் பை?"

"இயல்பா இருக்கணும்னீங்களே."

ஹெல்மெட் விசிலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அவள் கூட்டருகே போய்க் குனிந்து நிமிர்ந்தாள். எலுமிச்சைச் செடிப் பக்கம் நடந்தாள். வாசல் கேட்டருகே நின்று, கழுத்தைச் சாய்த்துத் தெருவைப் பார்த்தாள். 'என்ன தத்ரூபம்!' என்று அவர் வியந்துகொண்டிருக்கும்போதே கேட்டைத் திறந்து போயேவிட்டாள்.

ஹெல்மெட் விசில் ஊதினார். மறுபடி ஊதினார். தெரு நாய் வந்தது. மனைவி வரவில்லை.

போன் போட்டார்.

"எங்கே இருக்கே?"

"பஸ்ல. ஜன்னலோரம் இடம் கிடைச்சுது. கூட்டமே இல்லைங்க!"

"விசில் கேக்கலையா?"

"நல்லாவே கேட்டுச்சு. ஆனா கோழிக்குத் திரும்பத் தோணல. உங்க ஒத்திகையில இது ஒரு குறை."

"இங்க கோழிங்களை யாரு பார்த்துக்கறது?"

"அதுங்க பார்த்துக்கும். கூட்டைத் திறந்து விட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

திடுக்கிட்டுத் திரும்பினார். பளபளக்கும் மேலங்கிகளோடு நாலும் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. ஒன்று சுகமாகப் புழுதியில் புரண்டது. பிடிக்கப் போனார், ஓடின. விட்டுவிட்டார், மேய்ந்தன. வெளிச்சம் மங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க் கூட்டில் ஏறிக்கொண்டன.

அப்புறமும் ஹெல்மெட் வாசலைவிட்டு நகரவில்லை. என்ன நினைத்தாரோ, கோழிகளைக் கூப்பிடும் தீனி டப்பாவை எடுத்து வந்து, தெருவைப் பார்த்து மெல்ல ஆட்டினார்.

பக்கத்து வீட்டு டெய்லர் எட்டிப் பார்த்தார். "என்ன சார், கோழி ஓடிப்போச்சா?"

"ஒண்ணுகூட ஓடல," என்றார் ஹெல்மெட், நெஞ்சை நிமிர்த்தி. "கதவு திறந்துதான் கிடந்துச்சு. எல்லாம் என்கிட்டயே திரும்பி வந்துடுச்சு."

முழுக்க முழுக்க உண்மை. அவருடைய பாதுகாப்பை நாடி அத்தனையும் திரும்பி வந்திருந்தன. பாவம், கோழிகளுக்கு ஏது அக்கா வீடு?